படங்கு முடக்கு

நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே ரோடு அரிவாள் மாதிரி வளைந்து ஏறும். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பஸ் ரோட்டில் இறங்கி, தோட்டத்துக்குள் பிரிகிற ரோட்டில் நடந்து வந்தால் மூன்றாவது முடக்கு அது. மடுவக் கொட்டகையில் கொழுந்தை எடை போட்டு ஏற்றிக்கொண்டு லொறி ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அந்த வழியாகத்தான் ஸ்டோருக்கு ஏறும். தேயிலை அரைக்கிற இடத்தை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். விறகு லொறிக்கும் அதே வழிதான். ஏறும்போது பாரம், இறங்கும்போது வெறும் வண்டி. அதனால் ரோட்டில் ஏறுகிற பக்கம் மட்டும் எப்போதும் அமுங்கிக் கிடக்கும். சக்கரம் போகிற இடங்களில் இரண்டு வாய்க்கால், நடுவில் தார் பிதுங்கி ஒரு மேடு. வருஷா வருஷம் சல்லி போட்டுத் தார் ஊற்றுவார்கள். வருஷா வருஷம் அமுங்கும்.

அதற்காக யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. லொறி போனால் ரோடு அமுங்கும், அவ்வளவுதான். கம்பி வலை வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. ரோட்டு வேலை பார்க்க ஓவசியர் ஒருவர் புதிதாக வந்தார். சிங்களப் பையன்தான், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவர் முடக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சல்லிக்கும் தாருக்கும் நடுவே கம்பி வலை போட்டால் இப்படி அமுங்காது என்றார். ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற தட்டுகளிலிருந்து கழற்றிய பழைய கம்பி வலை சுருள் சுருளாகக் கிடந்தது. அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர்தான் அப்போது ரோட்டுக் கங்காணி. அவருக்குக் கீழே ஆறு ஆம்பிளைகள், சல்லி சுமக்க இரண்டு பொம்பிளைகள். ஒருத்தி நான். இன்னொருத்தி லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை, பக்கத்துக் காம்பராக்காரி. வாய் அவளுக்கு, எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். நான் ஆள் கூடுகிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது “வந்திட்டேன்” என்று நான் சொல்வது எனக்கே கேட்காது.

வேலை நடந்த நாளை இன்றைக்கும் சொல்லுவேன். காலையில் முடக்கின் மேல் பாதி. ஓவசியர் கூடவே நின்று, ஆம்பிளைகளை அலவாங்குக் கடப்பாரை கொடுத்து வலையை இழுக்கச் சொன்னார். “இழுங்க, இன்னும் இழுங்க, ஹரி, ஹரி” என்று, சிங்களத்தில் சரி சரி என்கிற மாதிரி, கத்திக்கொண்டே இருந்தார். தட்டினால் டிங் என்று சத்தம் வருகிற அளவுக்கு இழுத்து, ஆணி அடித்து, தார் ஊற்றி முடித்தார்கள். பகலுக்குப் பிறகு அவர் ஹட்டனுக்குப் போய்விட்டார். கீழ்ப் பாதி மிச்சம் இருந்தது. ஆம்பிளைகள் எல்லாரும் தார்ப் பீப்பாய்க்கு விறகு பிளக்கப் போனார்கள். என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் வலைய விரிச்சுப் போட்டு வைங்க” என்று சொல்லிவிட்டு அவரும் போனார்.

விரித்தோம். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. அவள் இழுத்தாள். நான்தான், “ரொம்ப இழுக்காத, கொஞ்சம் தொய்வு விடு” என்றேன். கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை யாரும் இறுக்கிக் கட்ட மாட்டார்கள். இறுக்கிக் கட்டினால் குனிந்து நிமிரும்போது படக்கென்று கிழியும். கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டினால்தான் வருஷம் தாங்கும். எனக்கு அது ஆறு வயதில் படித்த பாடம். வலையும் அப்படித்தான் என்று நினைத்தேன். பாரம் வந்து உட்காரும்போது கிழியாமல் இருக்கட்டும் என்று அழகாகத் தொய்வு விட்டு, ஓரத்தில் கல் வைத்தோம். நல்ல வேலை செய்துவிட்டோம் என்றுகூட எனக்குள் ஒரு நினைப்பு.

அதற்குள் பனி இறங்கித் தூறல் போட்டது. ஈரத்தில் தார் பிடிக்காது, காலையில் ஊற்றிக்கொள்ளலாம் என்று எல்லாரும் கலைந்தார்கள். சல்லி சுமக்கிற வேலை இல்லாத நாளில் எங்களுக்குக் கொழுந்து மலைதான். மறுநாள் பெரட்டில் என்னையும் அவளையும் மலைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்னாலேயே முடக்குக்குப் போயிருந்தார். பகல் கொழுந்து நிறுக்க நான் மடுவத்துக்கு இறங்கியபோது கீழ்ப் பாதியும் கறுப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாருக்கடியில் வலை இருப்பதை நான் என் கண்ணால் பார்க்கவில்லை. இதை நான் பிறகு எத்தனை தரம் நினைத்துக்கொண்டேன் என்று சொல்ல முடியாது.

அன்று சாயந்தரம் அவர் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு மூட்டை. என்னுடைய பழைய படங்கில் சுற்றியிருந்தது. கீழே வைத்தபோது கிணுங்கியது.

“என்னாங்க அது?”

“ஒன்னுமில்ல. பழய சாமான்.”

கட்டிலுக்கடியில் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு மஸ்கெலியாவுக்கு, அவருடைய அக்காள் வீட்டுக்குப் போனார். எனக்கும் அந்த மதினிக்கும் ஒரு கல்யாண வீட்டில் வாய்த்தகராறாகி, பேச்சு வார்த்தை இல்லாத காலம் அது. அதனால் நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

நாலு மாதம் ரோடு நன்றாக இருந்தது. மழை முடிந்து வெயில் ஏறியது. பகலில் தார் காலில் ஒட்டுகிற வெயில். அப்போதுதான் கீழ்ப் பாதி இறங்க ஆரம்பித்தது. ஏறுகிற பக்கத்தில் அதே இரண்டு வாய்க்கால், நடுவில் அதே மேடு. மேல் பாதி பலகை மாதிரி அப்படியே நின்றது.

பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில்தான் பேச்சு தொடங்கியது. நான் குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். நான் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் மறுபடி தொடங்கும்.

“மேல ஓவசியர் நின்னு போட்டது, நிக்குது. கீழ கங்காணி போட்டது, படுத்துருச்சு.”

“கம்பி உள்ள இருந்தாத்தானே நிக்கும்? கம்பி, கம்பி நீட்டிருச்சு போல!”

“நீட்டுன கம்பிய அப்புறம் உள்ளுக்குப் போயி எண்ண வேண்டியதுதான்.”

சிரிப்பு. அதில் என் பக்கத்துக் காம்பராக்காரியின் சிரிப்பும் கேட்டது. வலையின் ஒரு முனையைப் பிடித்தவளே சிரிக்கிறாளே, அவள் எதையாவது பார்த்திருப்பாளோ என்று எனக்குத் தோன்றியது. கேட்டேனா? கேட்கவில்லை. குடம் நிரம்புவதற்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாசியில் மஸ்கெலியாப் பக்கத்துக் கோயிலில் திருவிழா. வீட்டுக்காரர் கூப்பிட்டார். எப்போதும் வர மாட்டேன் என்பவள் அந்த வருஷம் வருகிறேன் என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்குச் சாமியைவிட மதினியின் காம்பராவைப் பார்க்க வேண்டியிருந்தது.

பார்த்தேன். காம்பராவுக்குப் பின்னால் கோழிக்கூடு. புதுக் கூடு. நாலு பக்கமும் கம்பி வலை. ஆறு மூலைக் கண், அதே கண். கம்பியில் காய்ந்த கொழுந்துச் சாறு பழுப்பாகப் படிந்திருந்தது. மூக்கைக் கிட்ட வைத்தேன். ஸ்டோர் தட்டு வாசம்.

மதினி பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

“என்னா புள்ள, கோழிய மோந்து பாக்குற?”

“இல்ல மதினி… கூடு நல்லா இருக்கு.”

“என் தம்பி போட்டுக் குடுத்தான். கீரிப்புள்ள நாலு கோழிய இழுத்துக்கிட்டுப் போயிருச்சுன்னு அழுதேன், ஓடி வந்துட்டான். ஒனக்கு ஒன்னு வேணும்னா ஒன் அண்ணன்மாருகிட்டக் கேளு!”

நான் வலையில் எத்தனை கண் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்துக்கு எத்தனை, நாலு பக்கத்துக்கு எத்தனை, முடக்கின் கீழ்ப் பாதிக்கு எத்தனை என்று மனசு போட்டுப் பார்த்தது. கணக்குப் பொருந்தவில்லை, கூடு சின்னது. அப்படியானால் மிச்சத்தை எங்கே வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியதே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை. கண்ணை எண்ணியவள், அந்த வலை முக்கோணம் முக்கோணமான துண்டுகளாக இருந்ததையும், துண்டுகளைக் கட்டுக்கம்பியால் தைத்திருந்ததையும் பார்த்தேன். ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

அவரிடம் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. அதனால் ரோட்டைக் கேட்டேன்.

கொழுந்து எடுக்கிறவர்களிடம் மட்டக்கம்பு ஒன்று இருக்கும். தேயிலைச் செடிகளின் தலையில் குறுக்கே வைத்து, மட்டத்துக்கு மேலே நிற்கிற கொழுந்தை மட்டும் கிள்ளுவதற்கு. மலையிலிருந்து இறங்குகிற வழியில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்தக் கம்பை வாய்க்காலுக்குக் குறுக்கே வைப்பேன். கம்புக்கும் தாருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பேன். முதல் நாள் ஒரு விரற்கணுவுக்குக் கொஞ்சம் மேலே. பத்து நாள் கழித்து ஒன்றரைக் கணு.

பார்க்கப் பார்க்க அந்த ரோட்டின் குணம் எனக்குப் பழகிவிட்டது. காலைப் பனியில் லொறி போனால் ஒன்றும் ஆகாது. பகல் வெயிலில் அதே லொறி, அதே பாரம், கீழ் கியரில் முனகிக்கொண்டு மெதுவாக ஏறும்போதுதான் அமுங்கும். வேகமாகப் போகிற வண்டியைவிட மெதுவாகப் போகிறதுதான் அதிகம் அமுக்கியது. முடக்கில் எதிரே ஆள் வந்து லொறி ஒரு நிமிஷம் நின்றுவிட்டால் சக்கரம் நின்ற இடத்தில் குழி பதியும். லொறி போன உடனே அளந்தால் ஓர் அளவு. கொஞ்ச நேரம் தேயிலைக்குள் ஒதுங்கி நின்றுவிட்டு வந்து அளந்தால் பள்ளம் ஒரு மயிரிழை குறைந்திருக்கும். பாரம் போனதும் தார் தானாக எழும்பிக்கொள்கிறது. ஆனால் முழுக்க எழும்புவதில்லை. ஒவ்வொரு லொறியும் கொஞ்சத்தை மிச்சம் வைத்துவிட்டுப் போகும். ஒரு லொறி வைத்த மிச்சம் கண்ணுக்குத் தெரியாது. நூறு லொறி வைத்ததில் என் விரல் மறைந்தது.

மேல் பாதியில் கம்பை வைத்தால் விரல் நுழையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, அங்கே வலை இருக்கிறது, இங்கே இல்லை என்பது உறுதியாகும். விடியற்காலையில் தனியாக வந்து நான் விரித்த வலையைச் சுருட்டினவர் அவர்தான் என்று நினைப்பேன். வீட்டுக்குப் போய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டேன். “ஏன் புள்ள, ஒடம்பு சரியில்லயா?” என்பார். “ஒன்னுமில்லீங்க” என்பேன். அவர் எனக்குச் சொன்ன அதே “ஒன்னுமில்ல”யை நான் அவருக்குச் சொன்னேன்.

பிறகு கண்டாக்கையாவின் காதுக்குப் போயிற்று. மலை வேலை, ரோட்டு வேலை எல்லாவற்றையும் மேலே இருந்து பார்க்கிறவர் அவர். ஒரு காலைப் பெரட்டில், எல்லாரும் நிற்கும்போது, என் வீட்டுக்காரரை முன்னால் கூப்பிட்டார்.

“ஏய்யா கங்காணி, கம்பி போட்ட ரோடு ஏன் இப்புடிக் கெடக்கு?”

“தெரியலீங்க ஐயா. போட்டதென்னமோ போட்டதுதான்.”

“போட்டியா, தூக்கிட்டியா? திங்கக்கெழம ரோட்டை வெட்டிப் பாக்குறது. உள்ள கம்பி இல்லேன்னா ஒனக்குப் பேரும் இல்ல, காம்பராவும் இல்ல. தெரிஞ்சுக்க.”

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று சொல்வார்கள். பேர் போட்டால்தான் அந்த நாள் நாள். பேரை வெட்டிவிட்டால் காம்பராவை விட்டும் இறங்க வேண்டியதுதான். வேறு தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். இந்தியாவில் ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு அந்தப் பக்கம் யாரும் கிடையாது. அவர் தலையைக் குனியாமல் நின்றார். களவு செய்தவன் இப்படி நிற்பானா என்று ஒரு மனசு. களவு செய்தவன்தான் இப்படி நிற்பான் என்று இன்னொரு மனசு.

திங்கட்கிழமை நல்ல வெயில். லயத்தில் பாதி ஆட்கள் முடக்கைச் சுற்றி நின்றார்கள். கண்டாக்கையா குடையோடு, ஓவசியர் தொப்பியோடு. என் வீட்டுக்காரரையே அலவாங்கு எடுத்துக் குத்தச் சொன்னார்கள். நான் கூடையை முதுகில் மாட்டி, மட்டக்கம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

நாலு குத்தில் தார் பெயர்ந்தது. ஐந்தாவது குத்தில் கிணுங்கியது.

வலை இருந்தது.

தாரைப் பலகை பலகையாகப் பெயர்த்து எடுத்தார்கள். அடியில் வலை முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம் வரை இருந்தது. பாரம் ஏறிய இடத்தில் ஒரு கண்கூட அறுந்திருக்கவில்லை. ஆனால் மேலே ரோடு எப்படிக் குழிந்து மேடாகிக் கிடந்ததோ, அதே மாதிரி வலையும் இரண்டு தொட்டில் போலக் குழிந்து கிடந்தது. நான் விட்ட தொய்வு அத்தனையும் சக்கரத்துக்கடியில் போய்ச் சேர்ந்திருந்தது.

எனக்கு முதலில் சந்தோஷமா, வெட்கமா என்று தெரியவில்லை. அவர் எடுக்கவில்லை. எடுக்கவில்லை.

ஓவசியர் குந்தி உட்கார்ந்து வலையை விரலால் தட்டினார். சத்தமே வரவில்லை. மேல் பாதியிலும் ஒரு சின்ன இடத்தை வெட்டிப் பார்க்கச் சொன்னார். அங்கே தட்டியதும் டிங் என்றது.

“களவு இல்ல,” என்றார் அவருடைய தமிழில். “கம்பி இருக்கு. மேல கம்பி இழுத்துப் பிடிக்குது. பாரத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பிரிச்சுக் குடுக்குது. கீழ கம்பி படுத்து இருக்கு. லொறி போகும்போது சும்மா கூடவே கீழ போகுது. யார் இதைப் போட்டது?”

“நான்தாங்க ஐயா,” என்றார் என் வீட்டுக்காரர்.

“களவு இல்லாட்டி வேல சரியில்ல,” என்றார் கண்டாக்கையா. “ரெண்டும் ஒன்னுதான். கங்காணி வேல ஒனக்கு எதுக்கு?”

என் வீட்டுக்காரர் எங்கள் பக்கம் திரும்பாமல் அலவாங்கை ஊன்றி நின்றார். நாங்கள் இரண்டு பேரும் விரித்தது அவருக்குத் தெரியும். பக்கத்துக் காம்பராக்காரி தரையைப் பார்த்தாள். எப்போதும் எனக்காகப் பேசுகிறவள் அன்றைக்குப் பேசவில்லை. எப்படி முன்னால் வந்தேன் என்று தெரியாது. கூடை முதுகில் இருந்தது, கம்பு கையில் இருந்தது.

“அவுக இல்லீங்க ஐயா. நாந்தான் விரிச்சேன்.”

கண்டாக்கையா குடையைச் சாய்த்துப் பார்த்தார். “இது பேசுமா?” என்றார். சிரித்தார்கள்.

“ஏன்டி இப்புடித் தொய்வா விட்ட?”

“படங்கு கட்டுற மாதிரிங்க… இறுக்கிக் கட்டுனா கிழிஞ்சிருமுங்க.”

ஓவசியருக்குப் படங்கு என்றால் என்னவென்று புரியவில்லை. ஒருத்தர் என் இடுப்பைக் காட்டி அவருக்குச் சிங்களத்தில் சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

“ரோட்டுக்குப் படங்கு கட்டி மலைக்கு அனுப்பப் பாத்திருக்காளுக!” என்றார் கண்டாக்கையா. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் எங்கள் காம்பரா தப்பியது. அப்போதுதான் பக்கத்துக் காம்பராக்காரிக்கு வாய் வந்தது. “நான் இழுத்தேங்க ஐயா, இவதான் விடு விடுன்னா!”

“ரெண்டு பேரும் நாளையிலருந்து ரோட்டுப் பக்கம் வரக் கூடாது. மலைக்குப் போங்க.”

கங்காணி பேர் அவருக்கே இருந்தது. வலையைத் தட்டி நிமிர்த்தி, ஆம்பிளைகள் இழுத்துப் போட்டு, மறுபடி தார் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாதி நன்றாகத் தாங்கியது. அமுங்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன், அமுங்கியது, மெதுவாக. அந்த இடத்துக்குப் படங்கு முடக்கு என்று பேர் ஆயிற்று. லொறி டிரைவர்கூட அப்படித்தான் சொல்வான்.

அன்றைக்கு வீட்டுக்கு ஏறும்போது நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும் என்று வாய் வந்தது.

“மதினி வீட்டுக் கோழிக்கூடு…”

“முடக்குல வலை வளையாது. உள் வளைவுல முக்கோணம் முக்கோணமா வெட்டித்தான் படிய வைக்கணும். அந்த வெட்டுத் துண்டு. ஓவசியர்தான் கொண்டு போகச் சொன்னாரு. ஒங்கிட்டச் சொன்னா, அக்காளுக்கா குடுக்கப் போறேன்னு மூஞ்சியத் தூக்குவ. அதான் சொல்லல.”

கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

“மாசியிலருந்து கம்பு வச்சு அளந்தியே. ரோட்டை அளந்தியா, என்னைய அளந்தியா?”

அவர் பார்த்திருக்கிறார். நான் ஆள் இல்லாத நேரம் என்று நினைத்ததெல்லாம் அவர் மேலே எங்கேயோ நின்று பார்த்திருக்கிறார். நான் கம்பைக் கூடைக்குள் செருகிக்கொண்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. அன்று சாயந்தரம் எப்போதும் போலத் தேத்தண்ணி குடித்தார், எப்போதும் போலப் பேசினார். கோபம் என்று ஒன்றும் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு, கடைசி வரைக்கும், கையில் எதைக் கொண்டு வந்தாலும் வாசலிலேயே நின்றுவிடுவார். கடைச் சாமானோ, ஸ்டோரில் கொடுத்த தேயிலைத் தூளோ, ரோட்டில் பொறுக்கிய விறகுக் கட்டோ, எதுவானாலும். நான் கேட்காமலே மூட்டையை அவிழ்த்துக் காட்டுவார். நான் பார்த்த பிறகு, மறுபடி கட்டிக்கொண்டு உள்ளே வருவார்.